சின்ன சம்மன் பெரிய வழக்காவது எப்படி?

எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் இம்முறை சாலைப் போக்குவரத்துச் சட்டங்களும் குற்றவியல் சட்டங்களும் சாதாரண மக்களின் வாழ்க்கையை எப்படித் தொடுகின்றன என்பதைப் பேசினோம். குற்றவியல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரும், போக்குவரத்துப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரும் எங்களோடு கலந்துகொண்டனர். அங்கே பேசப்பட்டவற்றையும், நேரக் குறைவால் பேச முடியாமல் போனவற்றையும் சேர்த்து இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பதிவு முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த நேரம். பார்வையாளர் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் என்னிடம் வந்தார். "தங்கச்சி, எல்லார் முன்னாலயும் கேக்க முடியல. ஒரு விஷயம் கேக்கலாமா?" என்றார்.

அவருடைய மகனுக்கு வயது 15. மூன்றாம் படிவம் படிக்கிறான். இரண்டு வாரங்களுக்கு முன்பு, தாமானுக்குள்ளேயே இருக்கும் மளிகைக் கடைக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். சந்திப்பில் நடந்து வந்த பெரியவர் ஒருவரை மோதிவிட்டான். பெரியவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. தகவல் கேட்டு ஓடிய அப்பா, மகனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "நான்தான் ஓட்டினேன்" என்று போலீசில் ரிப்போர்ட் செய்துவிட்டார். வாக்குமூலம் கொடுக்கத் திங்கட்கிழமை வரும்படி இப்போது விசாரணை அதிகாரி அழைத்திருக்கிறார்.

"பையனோட படிப்பு கெட்டுடக் கூடாதுன்னுதான் அவரு அப்படிச் சொன்னாரு. அது தப்பா தங்கச்சி?" என்று கேட்டபோது அவருடைய கை நடுங்கியது.

"இருங்கக்கா" என்று சொல்லி, புறப்பட்டுக்கொண்டிருந்த வழக்கறிஞரைத் திரும்ப அழைத்து வந்தேன். அவர் சொன்ன பதிலைக் கட்டுரையின் முடிவில் தருகிறேன். அதைப் புரிந்துகொள்ள முதலில் சில அடிப்படைகளை நாம் அறிந்திருக்க வேண்டும். இந்த அம்மாளின் வீட்டில் நடந்தது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. சாலையில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒரு நொடியில் நடந்து முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அச்சத்தில் நாம் செய்யும் காரியங்கள்தான் சிறிய விஷயத்தைப் பெரிய குற்றமாக மாற்றுகின்றன. அன்றைய கலந்துரையாடலில் திரும்பத் திரும்ப வெளிப்பட்ட உண்மை இதுதான்.

சம்மனும் வழக்கும் ஒன்றல்ல

நம்மில் பலர் போலீஸ் கொடுக்கும் எல்லாத் தாளையும் 'சம்மன்' என்றே சொல்கிறோம். உண்மையில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, அபராதம் கட்டி முடித்துக்கொள்ளக்கூடியது. சிவப்பு விளக்கை மீறுவது, வேக வரம்பைத் தாண்டுவது, ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துவது போன்றவற்றுக்கு வரும் தாள் அது. "இந்தத் தொகையைக் கட்டிவிட்டால் உங்கள்மீது வழக்குத் தொடரமாட்டோம்" என்று அதிகாரத் தரப்பு நமக்குத் தரும் வாய்ப்பு என்று அதைப் புரிந்துகொள்ளலாம். கட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. நாம் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டவர் ஆவதில்லை.

இரண்டாவது வகை, நீதிமன்றத்துக்குப் போயே ஆக வேண்டியது. ஆபத்தாக ஓட்டுதல், மது அல்லது போதைப் பொருள் உட்கொண்டு ஓட்டுதல், மரணம் விளைவித்தல் போன்றவை இதில் அடங்கும். இவற்றுக்கு முகப்பிடத்தில் பணம் கட்டிவிட்டு வர முடியாது. தீர்ப்பு வந்தால் அது குற்றப் பதிவு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் வெளிநாடு போகும்போதும் அது நம்மைப் பின்தொடரும்.

இந்த இரண்டாவது வகைக்கான தண்டனைகள் 2020-ஆம் ஆண்டில் மிகவும் கடுமையாக்கப்பட்டன. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2020 அக்டோபர் 23 முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, கண்மூடித்தனமாகவோ ஆபத்தாகவோ ஓட்டி மரணம் விளைவித்தால் 41-ஆவது பிரிவின்கீழ் முதல் குற்றத்துக்கே குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. அத்துடன் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. முன்பு குறைந்தபட்சச் சிறை 2 ஆண்டாகத்தான் இருந்தது.

மது அருந்தி ஓட்டி மரணம் விளைவித்தால் 44-ஆவது பிரிவின்கீழ் 10 முதல் 15 ஆண்டு சிறையும், 50,000 முதல் 100,000 ரிங்கிட் அபராதமும் விதிக்கப்படும். யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும்கூட, வரம்பை மீறிக் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், 2 ஆண்டு வரை சிறை. அந்த வரம்பும் குறைக்கப்பட்டுள்ளது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று இருந்தது 50 மில்லிகிராம் ஆயிற்று. "கல்யாண விருந்தில் ரெண்டு கிளாஸ்தான், வீடு பக்கத்துலதான்" என்ற சமாதானம் இனி எடுபடாது.

இந்தக் கடுமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-இல் நம் நாட்டுச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் 2023-இல் மீண்டும் 6,443 ஆனது. இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். அவர்களில் எத்தனை பேர் நம் பிள்ளைகள் என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சரி, சின்ன விஷயம் பெரிய வழக்காவது எப்படி? நம் மக்கள் வழக்கமாகச் செய்யும் ஐந்து தவறுகளை இரண்டு விருந்தினர்களும் எடுத்துரைத்தனர்.

ஒன்று: சாவியைக் கொடுப்பது

மோட்டார் சைக்கிள் ஓட்ட 16 வயதும், கார் ஓட்ட 17 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். வயது நிரம்பினால் மட்டும் போதாது, உரிமமும் வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாத விஷயம் வேறொன்று. சட்டத்தின் 26-ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் ஓட்டுபவரை மட்டும் குறிவைக்கவில்லை. உரிமம் இல்லாதவரை ஓட்ட அனுமதிப்பவரும் அதே பிரிவில் குற்றவாளிதான். அதாவது மகன் ஓட்டினான் என்றால், சாவியை நீட்டிய அப்பாவும் மாட்டிக்கொள்கிறார். தங்கைக்கும், வேலையாளுக்கும், வீட்டுக்கு வந்த விருந்தினருக்கும் இரவல் கொடுப்பதற்கும் இதே சட்டம்தான்.

இதோடு காப்புறுதியையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உரிமம் இல்லாதவர் ஓட்டினால் காப்புறுதி ஒப்பந்தத்தின் நிபந்தனை மீறப்படுகிறது. சொந்த வாகனத்துக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. "கடை பக்கத்துலதானே" என்று நாம் நினைக்கும் அந்தத் தாமான் சாலையும் சட்டத்தின் பார்வையில் பொதுச் சாலைதான்.

இரண்டு: நிற்காமல் போவது

விபத்து நடந்தால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்பதை 52-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வண்டியை நிறுத்த வேண்டும். கேட்பவரிடம் பெயர், முகவரி முதலிய விவரங்களைத் தர வேண்டும். அடிபட்டவருக்குத் தம்மால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

"கூட்டம் கூடி அடித்துவிடுவார்களே" என்று பார்வையாளர் ஒருவர் கேட்டார். நியாயமான அச்சம்தான். ஓய்வு பெற்ற அதிகாரி இதற்குப் பதில் தந்தார். உயிருக்கு ஆபத்து என்று உண்மையிலேயே தோன்றினால், வீட்டுக்குப் போகாமல் நேராகப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். 999-ஐ அழைத்து இடத்தைச் சொல்லி அம்புலன்ஸ் கேளுங்கள். போலீஸ் நிலையத்துக்குப் போனவரையும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவரையும் சட்டம் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்றார் அவர்.

இன்னொன்றையும் அவர் சேர்த்துச் சொன்னார். விபத்து யாருடைய தவறாலும் நடந்திருக்கலாம். விசாரணையில் நம்மீது பிழையே இல்லை என்றும் தெரியவரலாம். ஆனால் ஓடிப்போனது மட்டும் கண்டிப்பாக நம்முடைய தவறு. பிழையே இல்லாதவர் பிழை செய்தவராக மாறுவது அந்த இடத்தில்தான்.

மூன்று: ஓட்டியவரை மாற்றிச் சொல்வது

இது நம் குடும்பங்களில் அன்பின் பெயரால் நடப்பது. மகனுக்குப் பதில் அப்பா, தம்பிக்குப் பதில் அண்ணன், முதலாளிக்குப் பதில் ஓட்டுநர் என்று பழியை ஏற்றுக்கொள்வதைத் தியாகமாகக் கருதுகிறோம். தண்டனைச் சட்டத் தொகுப்பின் 182-ஆவது பிரிவு அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது: அரசு ஊழியருக்குப் பொய்த் தகவல் கொடுத்தல். தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றவாளியைக் காப்பாற்றுவதற்காகச் சாட்சியத்தை மறைத்ததாகவோ பொய்த் தகவல் தந்ததாகவோ கருதப்பட்டால் 201-ஆவது பிரிவும் பாயக்கூடும்.

இங்கே ஒரு வேறுபாட்டை வழக்கறிஞர் அழுத்தமாகச் சொன்னார். போலீஸ் விசாரணையில் வாக்குமூலம் எடுப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவின்கீழ். கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் நம்மையே ஒரு குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். அந்த உரிமையைச் சட்டமே தருகிறது. சொல்லும் பதில் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும். "பேசாமல் இருக்க உரிமை உண்டு. பொய் சொல்ல உரிமை கிடையாது" என்று அவர் சுருக்கமாகச் சொன்னதை நாம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அதே பிரிவில் நம் மக்களுக்கு மிகவும் பயன்படும் இன்னொரு விதியும் உண்டு. வாக்குமூலத்தை எழுதிய பிறகு, நாம் எந்த மொழியில் பேசினோமோ அந்த மொழியிலேயே அதை நமக்குப் படித்துக் காட்ட வேண்டும். திருத்தம் இருந்தால் திருத்த வாய்ப்புத் தர வேண்டும். அதன் பிறகுதான் கையொப்பம். எனவே மலாய் சரளமாக வராத பெற்றோர், புரியாத தாளில் அவசரமாகக் கையொப்பமிட வேண்டியதில்லை. "தமிழில் விளக்குங்கள்" என்று பணிவாகக் கேட்கலாம். அப்படிக் கேட்பது அதிகாரியை எதிர்ப்பதாகாது.

நான்கு: ஐம்பது ரிங்கிட்

சாலைத் தடுப்பில் நிறுத்தப்பட்டதும் பணப்பையைத் திறப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்மன் 300 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அதைத் தவிர்க்க 50 ரிங்கிட் நீட்டுகிறோம். 2009-ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி, லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். தண்டனை 20 ஆண்டு வரை சிறை. அபராதம், கொடுத்த தொகையைப்போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 ரிங்கிட், இவற்றில் எது அதிகமோ அது. ஐம்பதுக்கு ஐந்து மடங்கு 250தான். ஆகவே குறைந்தபட்ச அபராதமே 10,000 ரிங்கிட்.

முன்னூறு ரிங்கிட்டில் முடிய வேண்டியது பத்தாயிரமும் சிறையுமாக வளர்கிறது. அதிலும், லஞ்சம் தர முன்வந்ததைப் புகார் செய்ய வேண்டியது அந்த அதிகாரியின் சட்டக் கடமை. அவரே லஞ்சம் கேட்டால்? கொடுக்காதீர்கள், வாக்குவாதமும் செய்யாதீர்கள். சட்டைப் பட்டையில் இருக்கும் பெயர், எண், இடம், நேரம் ஆகியவற்றை மனத்தில் வாங்கிக்கொண்டு, சம்மனை எழுதித் தரும்படி கேளுங்கள். பிறகு ஊழல் தடுப்பு ஆணையத்தில் புகார் செய்யுங்கள்.

ஐந்து: கடிதத்தை மூலையில் போடுவது

தபாலில் வரும் தாளைப் பிரிக்காமலே மேசை அறையில் போட்டுவிடுகிறோம். கட்ட வேண்டிய காலத்தில் கட்டாத சம்மன் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்றம் குறிப்பிட்ட நாளில் நாம் ஆஜராகாவிட்டால், மாஜிஸ்திரேட் கைது ஆணை பிறப்பிக்கலாம். அதன் பிறகு ஒரு சாதாரணச் சாலைத் தடுப்பில் அடையாள அட்டையைச் சோதிக்கும்போதுகூடக் கைதாக நேரிடும். குழந்தைகளைப் பள்ளியில் விடப் போன தகப்பன் அங்கிருந்து லோக்காப்புக்குப் போவது இப்படித்தான்.

சம்மன் தவறானது என்று நினைத்தால் அதை எதிர்க்கவும் வழி உண்டு. வண்டியை ஏற்கெனவே விற்றுவிட்டீர்களா? அந்த நேரத்தில் வேறு யாராவது ஓட்டினாரா? ஆவணங்களோடு போய் விளக்கம் தரலாம், நீதிமன்றத்தில் வாதாடவும் செய்யலாம். சும்மா இருப்பதுதான் எதிர்ப்பு ஆகாது. வீடு மாறினால் முகவரியைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் மாற்றிக்கொள்வதும் முக்கியம். கடிதம் பழைய வீட்டுக்குப் போனது என்பதால் வழக்கு நிற்காது.

கைதானால் என்ன செய்வது?

இந்த ஐந்தில் எதனாலோ, அல்லது விபத்தாலோ கைது செய்யப்படும் நிலை வந்தால் நமக்குள்ள உரிமைகள் எவை? கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவே இதற்கு அடித்தளம். எதற்காகக் கைது செய்கிறார்கள் என்பதைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். நமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கலாம். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுசெல்ல வேண்டும். பயண நேரம் இதில் சேராது. உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் சொல்லும் உரிமையைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது.

24 மணி நேரத்தில் விசாரணை முடியாவிட்டால் போலீஸ் தடுப்புக் காவல் கேட்கும். அதற்கும் வரம்பு உண்டு. 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை கொண்ட குற்றமென்றால் முதலில் 4 நாள், பிறகு 3 நாள், ஆக 7 நாளுக்கு மேல் வைக்க முடியாது. 14 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றமென்றால் 7 நாளும் மீண்டும் 7 நாளும். ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தது முதல் வகையில் வரும். மது அருந்தி ஓட்டி மரணம் விளைவித்தது, தண்டனை 15 ஆண்டு வரை என்பதால், இரண்டாவது வகையில் வரும். தடுப்புக் காவல் விண்ணப்பத்தின்போது மாஜிஸ்திரேட்டிடம் நம் தரப்பைச் சொல்லலாம். உடல்நலக் குறைவு, மருந்து, தாக்கப்பட்டது போன்ற எதுவாக இருந்தாலும் அப்போதே சொல்ல வேண்டும்.

கைதானவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால், 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின்படி பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். வழக்குப் பொதுவாகச் சிறார் நீதிமன்றத்தில் நடக்கும். பெயரையோ படத்தையோ பத்திரிகையில் வெளியிட அனுமதி இல்லை.

வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையே என்பவர்களுக்கும் வழி உண்டு. 2012-இல் சேவையைத் தொடங்கிய தேசியச் சட்ட உதவி அறவாரியம், குற்றவியல் வழக்குகளில் மலேசியக் குடிமக்களுக்கு உதவுகிறது. அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும், வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும் உள்ளன. 'சிவப்புப் புத்தகம்' என்று அழைக்கப்படும் சிறு கையேட்டை வழக்கறிஞர் மன்றம் 2006-இல் வெளியிட்டது. போலீசாரிடம் நமக்குள்ள அடிப்படை உரிமைகளை அது எளிமையாக விளக்குகிறது. வீட்டில் ஒன்று இருப்பது நல்லது.

குற்றச்சாட்டை முழுதாகக் கேளுங்கள்

"தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். குற்றத்தை உண்மையிலேயே செய்தவர் ஒப்புக்கொள்வதில் தவறில்லை, தண்டனை விதிக்கும்போது நீதிமன்றம் அதைக் கருத்தில் கொள்ளும். ஆனால் என்ன குற்றச்சாட்டு, என்ன பிரிவு, குறைந்தபட்சத் தண்டனை என்ன என்பது தெரியாமல் தலையாட்டுவது ஆபத்து. குற்றச்சாட்டை நமக்குப் புரியும்படி விளக்க வேண்டும். மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

குற்றச்சாட்டின் ஒவ்வொரு சொல்லும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜொகூர் பாருவில் நடந்த ஒரு வழக்கே சான்று. 2017 பிப்ரவரி 18 அதிகாலை, மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்களில் கூட்டமாகச் சென்ற சிறுவர்கள்மீது ஒரு கார் மோதியதில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். காரை ஓட்டியவர் 22 வயதுப் பெண். அவர்மீது 41-ஆவது பிரிவின்கீழ்க் குற்றம் சாட்டப்பட்டது. 2019-இல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உயர்நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பி, எதிர்வாதம் செய்ய உத்தரவிட்டது. 2021-இல் மீண்டும் விடுதலை. 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு 6 ஆண்டு சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரல் 11-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. கண்மூடித்தனமாக ஓட்டுவது, ஆபத்தாக ஓட்டுவது ஆகிய இரண்டையும் ஒரே குற்றச்சாட்டில் சேர்த்திருந்தது குறைபாடு என்று நீதிமன்றம் கண்டது.

ஒரு விபத்து, ஆறு ஆண்டு வழக்கு. எட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளை இழந்தன. ஓர் இளம் பெண்ணின் வாழ்க்கை ஆறு ஆண்டு நீதிமன்றப் படிகளில் கழிந்தது. அதிகாலை நேரத்தில் பிள்ளைகள் சாலையில் இருந்ததைப் பற்றியும் நாடு முழுவதும் பெற்றோர்கள் பேசினார்கள். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. சாலையில் ஒரு நொடியில் நடப்பது எத்தனை பேரைத் தொடும் என்பதையும், சட்டத்தின் பாதையில் பொறுமையாக, தக்க உதவியோடு நடப்பது எவ்வளவு அவசியம் என்பதையும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அம்மாளுக்குக் கிடைத்த பதில்

மீண்டும் அந்த அம்மாளிடம் வருவோம். வழக்கறிஞர் அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க. அன்னைக்கி உங்க வீட்டுக்காரர் அதே பொய்யை வாக்குமூலத்துல சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டா, பொய் ரெண்டாயிடும். நாளைக்கே ஒரு வழக்கறிஞரைக் கூட்டிக்கிட்டுப் போயி, முதல் ரிப்போர்ட்ல சொன்னது சரியில்லைன்னு ரெண்டாவது ரிப்போர்ட் செய்யச் சொல்லுங்க. தானா வந்து திருத்துறவருக்கும், மாட்டிக்கிட்ட பிறகு ஒத்துக்கிறவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. இவருமேல நடவடிக்கையே இருக்காதுன்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனா இதைவிட மோசமாகாம தடுக்கலாம்."

"பையன் சார்?" என்றார் அந்த அம்மாள்.

"பையன் சிறார் நீதிமன்றத்துக்குப் போவான். அங்க தண்டிக்கிறதைவிடத் திருத்துறதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. பேரு வெளியே வராது. அவனுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் ஒண்ணு இருக்கும்மா. தப்பு செஞ்சா அப்பா பொய் சொல்லிக் காப்பாத்துவாருன்னு பதினஞ்சு வயசுல கத்துக்கிறதுதான் அது."

பிறகு, நாங்கள் யாருமே நினைக்காத ஒன்றை அவர் கேட்டார். "அந்தப் பெரியவர் எப்படி இருக்காரு?"

அந்த அம்மாள் பதில் பேசவில்லை. அவரைப் போய்ப் பார்க்கவே இல்லை. போனால் ஏதாவது வாய் தவறி வந்துவிடுமோ என்ற அச்சம். மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாள்கள், இனி நடக்க எடுக்கும் காலம் என்று அந்தப் பெரியவர் நாளை இழப்பீடு கேட்க வேண்டியிருக்கும். அதற்கு போலீஸ் ரிப்போர்ட்டும் விசாரணை முடிவும் முக்கியமான ஆவணங்கள். ஓட்டியது யார் என்பதே பொய்யாக இருந்தால், அடிபட்டவருடைய கோரிக்கையும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். மகனைக் காப்பாற்றச் சொன்ன பொய், எந்தத் தவறும் செய்யாத ஒருவரின் நியாயத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாள் அழுதார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அப்பா, அம்மா, மகன் மூவரும் வழக்கறிஞர் ஒருவரோடு போலீஸ் நிலைய வாசலில் நிற்பதாக எழுதியிருந்தார். மாலையில் இன்னொரு செய்தி. மூவரும் மருத்துவமனைக்குப் போய் வந்தார்களாம். பெரியவர் கோபப்பட்டாராம். பிறகு பையனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாராம்.

வாசகர்களே, சட்டம் படித்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் சாவி இருக்கிறது என்றால் அங்கே சட்டமும் இருக்கிறது. இன்று இரவு சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லுங்கள். உரிமம் எடுக்கும்வரை சாவி கிடையாது. என்றாவது எதுவும் நடந்துவிட்டால், ஓடக் கூடாது, மறைக்கக் கூடாது, முதலில் எங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், நாங்கள் கூடவே வருவோம். அந்த நம்பிக்கை வீட்டில் இருந்தால் பாதி வழக்குகள் தொடங்கவே தொடங்காது.